கால்கரியிலிருந்து பதினாறு மணி நேரம்

புனிதவதி அக்காவைத் தெரியாதவர்கள் மலேசியாவில் எங்கள் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் கிடையாது. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வருஷக்கணக்காகப் பிள்ளை பார்த்தவர். எந்தத் தாய் எவ்வளவு தாமதமாக வந்தாலும், கடைசிப் பிள்ளை கைமாறும்வரை கதவைச் சாத்தமாட்டார். சொன்ன சொல் தவறுவது அவருக்கு ஆகவே ஆகாது. கணவர் சிவானந்தம் லோரி ஓட்டினார். ஒரே மகன் கோகிலன் கனடாவில், கால்கரி என்ற ஊரில் வேலை செய்கிறான். நான் பக்கத்து வீடு.

ஒரு சனிக்கிழமை காலை சிவானந்தம் மாரடைப்பில் போய்விட்டார். கோகிலன் போனில் கதறினான்.

"அம்மா, நான் வராம அப்பாவ எடுத்துடாதீங்க. கொள்ளி நான்தாம்மா வைக்கணும்."

"நீ வராம எடுக்கமாட்டோம்பா. அம்மா சொல்றேன்ல," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நடந்ததற்கு வாசுவைத்தான் திட்ட வேண்டும். சிவானந்தத்தின் தம்பி, நல்ல மனுஷன்தான். ஆனால் கையில் போன் இருந்தால் உலகமே தன் சட்டைப்பையில் என்று நினைப்பு. இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டினார். பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினாறு மணி என்று வந்தது.

"இன்னிக்கு ஏறுனா நாளைக்குக் காலையில இங்க இருப்பான் லா," என்றார். ஞாயிறு நான்கு மணிக்கு எடுப்பதாக எல்லாருக்கும் வாட்ஸ்அப் பறந்தது. உடல் கெடாமலிருக்க ஊசி போடவா என்று சவப்பெட்டி கொண்டுவந்த பெட்டிக்காரர் கேட்டார். "எதுக்கு? நாளைக்கே முடிஞ்சிடுமே," என்று வாசு அனுப்பிவிட்டார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நேரடி விமானமே கிடையாது. அந்தக் கணக்கு வெறும் தூரத்தை வேகத்தால் வகுத்தது. ஞாயிறு காலை கோகிலன் கூப்பிட்டபோது இன்னும் கனடாவிலேயே, வான்கூவரில் நின்றுகொண்டிருந்தான். தோக்கியோ போய், அங்கே வேறு விமானம் மாறி, திங்கள் காலைதான் வந்து சேருவானாம்.

"வாப்பா, காத்திருக்கோம்," என்றார் அக்கா. அவன் விமானம் ஏறினான்.

மத்தியானம் வெயில் ஏற ஏற, கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள். ஊதுவத்தி கட்டுக்கட்டாக எரிந்தும் பயனில்லை. இனி ஊசி போட்டும் பிரயோஜனமில்லை என்று பெட்டிக்காரர் காதோடு சொன்னார். அக்கா மகனுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். கடலுக்கு மேலே பறப்பவனுக்கு எப்படிக் கேட்கும்?

"அண்ணி, எடுத்துடலாமா?" என்றார் வாசு.

"அவன்கிட்ட நான் என்னா தம்பி சொல்லுவேன்?" என்று கேட்டார் அக்கா. பிறகு அவரே சரியென்று தலையசைத்தார்.

மின்சுடலையில் வாசுதான் கொள்ளி வைத்தார். திரும்பி வந்து குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றபோது, அக்காவின் போன் அடித்தது.

"அம்மா, தோக்கியோ வந்துட்டேன். இன்னும் ஒரு ப்ளைட்தான். நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு அப்பா காதுல சொல்லுங்கம்மா."

அக்கா வெறுமையான கூடத்தைப் பார்த்தார்.

"அவசரமில்லப்பா. பாத்து வா."

"ஏம்மா அவசரமில்ல?" என்றான் கோகிலன்.

அக்கா போனை வாசுவிடம் நீட்டினார். வாசு வாங்கவில்லை. "அம்மா? அம்மா?" என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.