பாலத்திலிருந்து எறிந்த கிரீம்

கிண்ணியாவில் முகம் வெளுக்கும் கிரீம் விற்றுத்தான் பரீதா தன் மகளை வளர்த்தாள். கணவன் மூதூரில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறான், இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. கொழும்பிலிருந்து வாளியில் வரும் கிரீமில் பன்னீர் கலந்து, சின்னச் சின்ன டப்பாக்களில் அடைப்பாள். பூசுகிற பொருளுக்குப் பெயரும் திகதியும் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மாப்பிள்ளையின் தாய் வந்து முதலில் பெண்ணின் நிறத்தைப் பார்க்கிற ஊரில் சட்டமாவது மண்ணாவது! வியாபாரம் அமோகமாக நடந்தது.

அப்படி ஒட்டாமல் விற்பவர்களை நுகர்வோர் அதிகாரிகள் பிடித்து வழக்குப் போடுகிறார்கள் என்று சந்தையில் கதை அடிபட்டது. மறுநாள் விடியலில் சுபஹு தொழுத கையோடு பரீதா எல்லாவற்றையும் உரப்பையில் கட்டிக்கொண்டுபோய், கிண்ணியாப் பாலத்திலிருந்து தண்ணீரில் எறிந்தாள். அன்றைக்கு நிம்மதியாகச் சோறும் தின்றாள், பாவி.

அடுத்த கிழமை மகள் நப்லாவின் முகம் வீங்கியது. பிறகு கால். பதினைந்து வயதுப் பிள்ளையின் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. திருகோணமலை ஆஸ்பத்திரியில் டொக்டர் ரிஷிகேசன் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பழுதாகிறது என்றார்.

"முகத்துக்கு என்ன பூசுறனீங்கள் பிள்ளை?"

"உம்மாட கிரீம்தான். உம்மாவுக்குத் தெரியாம எடுத்துப் பூசின" என்றாள் நப்லா, தாயைப் பார்க்காமல்.

டொக்டர் பரீதாவின் பக்கம் திரும்பினார். "அதில பாதரசம் இருக்கும் எண்டு நினைக்கிறன். ரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வர நாள் எடுக்கும். அந்தக் கிரீமைக் கொண்டு வாங்கோ. பார்த்தால் கெதியா மருந்தைத் தொடங்கலாம்."

எங்கே போவாள்? கடலிடம் கேட்பதா? தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு. வழக்குப் போடட்டும், மறியலில் அடைக்கட்டும், ஒரு டப்பா கிடைத்தால் போதும்.

ஊருக்குத் திரும்பி, வாங்கியவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்தது எப்போது வரும் என்று ஒருத்தி கேட்கவும் செய்தாள். அது நஞ்சு என்று சொல்லாமல் பரீதா அடுத்த வாசலுக்கு ஓடினாள். கடைசியில் றிஷானாவின் அலுமாரியில் பாதி டப்பா இருந்தது.

அதைக் கண்டதும் பரீதா உடைந்துபோனாள். "இதுல நஞ்சு இருக்காம் றிஷானா. என்ட புள்ள ஆஸ்பத்திரியில கிடக்கிறா. தாங்க, டொக்டருக்குக் காட்டணும்."

டப்பாவை நீட்டிய றிஷானாவின் கை அப்படியே நின்றது. "நஞ்சா? சின்னப் புள்ளைக்குப் பூசினாலும் ஒண்டும் செய்யாது எண்டு நீங்கதானே ராத்தா சொன்னீங்க?"

அவள் அறைப்பக்கம் திரும்பி, "அஸ்மியா!" என்று கத்தினாள். எட்டு வயது மகள், கண் திறக்க முடியாமல் வீங்கிய முகத்தோடு வந்தாள். பரீதா அவளைத் தூக்கப் போனாள்.

"தொடாதீங்க என்ட புள்ளைய!"

றிஷானா டப்பாவைக் கீழே போட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடிக்க ஓடினாள். பரீதா அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். தட்டிவிட்டு வந்த அத்தனை வீடுகளிலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பிள்ளையின் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.