கோபாலனின் கண்ணுக்காக நான் வேண்டிக்கொண்டது

அடியார்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் நடுவில் பேசவே வாய் வராது. எழுதாமல் விட்டால் என் பெருமாளுக்குச் சேரவேண்டிய நன்றி வேறு சந்நிதிக்குப் போய்விடுமே என்ற தவிப்பில்தான் எழுதுகிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி. எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில். முட்டிவலியால் என் கணவரால் தறியில் உட்கார முடியவில்லை. என் தங்கை ருக்மணியின் வீட்டுக்காரர் சொல்லி, சென்னைப் பக்கம் சிறு விமானங்கள் பழகும் மைதானத்தில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. அங்கேதான் ருக்மணியின் மகன் கோபாலன் விமானம் ஓட்டப் பழகினான். ஓட்டுகிறவன் அவள் பிள்ளை. நாயும் நரியும் பறவையும் ஓடுபாதைக்கு வராமல் தகரம் தட்டுகிறவர் என் கணவர். எனக்கு எரியாமல் இருக்குமா?

எனக்குப் பிள்ளை இல்லை. திருப்புட்குழிப் பெருமாள் கோயிலில் வேண்டிக்கொண்டு வறுத்த பயறை மடியில் கட்டிப் படுத்தால், அது முளைத்தவளுக்குக் குழந்தை பிறக்கும் என்பார்கள். நானும் அவளும் ஒரே நாளில் கட்டினோம். அவளுடையது முளைத்தது. அதன்பிறகு அந்தக் கோயில் பக்கமே நான் போகவில்லை.

மழை விட்ட ஒரு காலை. தவளைகளைத் தேடிப் பறவைகள் ஓடுபாதையில் இறங்கியிருந்தன. காக்கைகளை விரட்டிக்கொண்டு போன என் கணவர், ஒரு கருடனைக் கண்டதும் நின்றுவிட்டார். கருட சேவைக்கு ஊரே திரளும் தெருவில் பிறந்தவர். தகரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குள் கோபாலனின் விமானம் இறங்கியது. சத்தத்தில் எழும்பிய கருடன் முன் கண்ணாடியில் மோதியது. விமானம் புல்லில் போய்ச் சாய்ந்தது. கருடன் செத்துப்போனது. கண்ணாடித் தூள் பிள்ளையின் இரு கண்களிலும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால்தான் பார்வை இருக்கிறதா என்று தெரியும் என்றார் டாக்டர்.

"தட்டத்தான் போனேன். கை தானா கூடிடுச்சிமா," என்று அழுதார் என் கணவர். செத்த பறவைக்காகவும் அழுதார்.

ருக்மணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் வூட்டுக்காரரு கும்புட்டுக்கினு நின்னாராமேக்கா. புண்ணியம் அவருக்கு. கண்ணு எம் புள்ளைக்கா?"

எங்கள் ஊர்ப் பெருமாள் வரதருக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகவும், தான் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது என்றும் அவள் சொன்னாள். அது உண்மை. அந்த உண்மைதான் எனக்குத் தாங்கவில்லை.

பஸ் பிடித்துத் திருப்புட்குழிக்குப் போனேன். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம். அத்தனை வருஷக் கோபத்தோடு சந்நிதியில் நின்றேன். "பறவைக்கும் கொள்ளி வைத்தவர் நீர். அந்தக் கருடனைப் பார்த்துக்கொள்ளும். பிள்ளைக்குக் கண்ணைக் கொடும். ஆனால் அவள் கேட்டதற்காகக் கொடுக்காதீர். ஒரு தடவையாவது நான் கேட்டதற்காகக் கொடும்." வாய்விட்டு அழுதேன். நெஞ்சு லேசானது.

கட்டு அவிழ்த்த அன்று கட்டிலுக்கு இரு பக்கமும் நாங்கள் நின்றோம். ஜன்னல் வெளிச்சம் என் பக்கம் இருந்தது. கோபாலன் இமையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான்.

"பெரிம்மா, உன் மூக்குத்தி தெரியுது," என்றான்.

முதலில் என்னைத்தான் பார்த்தான். ருக்மணி அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "வரதர் குடுத்தாரு," என்று கதறினாள். எல்லாம் ஒரே பெருமாள்தான் என்று அர்ச்சகர் சொல்வார். இருக்கட்டும். எனக்குத் தெரியும், யார் கேட்டு யார் கொடுத்தது என்று.

இப்போது மாதம் தவறாமல் திருப்புட்குழிக்குப் போகிறேன். என் கணவர் முதலில் தகரத்தைத் தட்டிவிட்டு, பறந்து போகும் கருடனைக் கும்பிடுகிறார். இல்லை என்று ஒருமுறை சொன்னார் என்பதற்காகப் பெருமாளை விட்டுவிடாதீர்கள். கோபமிருந்தால் கோபத்தோடே போய் நில்லுங்கள். கேட்பார்.

கட்டு அவிழ்த்த மறுநாள் நான் கஞ்சி காய்ச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ருக்மணியும் கொண்டுவந்திருந்தாள். கோபாலன் இரண்டையும் குடித்தான்.