உப்பு பார்க்க ஒரு ஆள்

பாலக்கரை வஹீதா பன்னிரண்டு வயதில் நோன்பு பிடிக்க ஆரம்பித்தவள். மூன்று பிள்ளை பெற்று, தையல் மிஷினோடு நாற்பது வருடம் மல்லுக்கட்டியும் நோன்பை மட்டும் விட்டதில்லை. பிரசவத்தில் விட்டுப்போன நாட்களைக்கூடப் பிறகு பிடித்து முடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை மடக்கிப்போட்டது. "இன்சுலின் போடுறீங்க, பட்டினி கிடக்கவே கூடாதும்மா" என்று டாக்டர் பிரான்சி கறாராகச் சொல்லிவிட்டார்.

கேட்பாளா? அந்த ரமலான் மாதத்தின் முதல் நோன்பை யாருக்கும் தெரியாமல் பிடித்தாள். மதியம் தையல் மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். கணவர் நஜிமுதீன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, "முடியாதவங்க நாளுக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தாப் போதும்மா. அல்லாஹ் உங்களை வதைக்கச் சொல்லலை" என்றார். அப்படியே தினமும் ஒரு சாப்பாடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிடக்கும் ஏழைக்குப் போனது. மனசுதான் ஆறவில்லை. தெருவே பசித்திருக்க, வாசல் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பாத்திரச் சத்தம் வெளியே கேட்காமல் சோறு தின்பது அவளுக்குத் திருட்டாகவே பட்டது.

"நோன்பே இல்லாம நான் எதுக்குங்க?" என்று கணவரிடம் அழுதாள்.

ஐந்தாம் நாள், சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரம். பள்ளிவாசலுக்குப் பின்புறம் நானூறு பேருக்கான நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் அப்துல் அஹதுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். உப்பைத் தானும் போட்டு, கூட நின்ற அனீஸும் போட்டாரா? இல்லை, ஒருவரை நம்பி மற்றவர் விட்டுவிட்டாரா? ருசி பார்க்கலாமென்றால் சுற்றி நின்ற அத்தனை பேரும் நோன்பாளிகள். நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடலாம்தான். அதற்கும் ஒப்பாத பிடிவாதக்காரர் அஹத்.

கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு நின்ற நஜிமுதீனின் வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்ல ஒரு ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

"மானத்தை வாங்கிட்டீங்களே!" என்று வஹீதா கொதித்துப்போனாள். ஆனாலும் நானூறு பேர் கஞ்சியாயிற்றே! முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். நோன்பு நாளின் பட்டப்பகலில், இருபது பேர் பார்க்க, கரண்டிக் கஞ்சியை ஊதி வாயில் வைத்தாள். உடனே முகம் சுளித்தது.

"கரிக்குது! ரெண்டு பேரும் போட்டிருக்கீங்க. குருணையைத் தனியா வேகவச்சுக் கொட்டுங்க. தேங்காய்ப்பால் இன்னும் வேணும்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் சட்டம். கொட்டினார்கள், கிண்டினார்கள், மறுபடி கரண்டியை நீட்டினார்கள். நாலாவது கரண்டியில் அவள் தலை நிமிர்ந்தது.

"இப்ப இறக்குங்க!"

பொழுது சாய்ந்து பாங்கு சொன்னதும் கஞ்சி குடித்தவர்கள் இரண்டாவது கிண்ணம் கேட்டார்கள். அஹத் ஒரு கிண்ணத்தைத் தானே தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். "நீங்க இல்லைன்னா இன்னைக்கு நானூறு பேரும் வெறும் தண்ணியிலதான் நோன்பு திறந்திருப்பாங்க, அக்கா." வஹீதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாலு நாளாகத் தொண்டையில் இறங்க மறுத்த சாப்பாடு அன்று சுகமாக இறங்கியது.

மறுநாள் நாலு மணிக்கு அஹத் தெருமுனையிலிருந்தே கத்தினார்: "அக்கா, உப்பு பார்க்க வாங்க!"

தெருவுக்கே கேட்டது. வஹீதா செருப்பை மாட்டிக்கொண்டு மகாராணி மாதிரி நடந்துபோனாள். அந்த மாதம் முடியும்வரை, அவள் மதியச் சோறு சாப்பிடும்போது வாசல் கதவு திறந்தே கிடந்தது.