இரத்தம் கூட வேண்டும் என்று கேட்டேன்

சகோதரிகளே, என் மகளுக்குக் காய்ச்சல் விட்ட அன்றுதான் எங்களுக்குச் சோதனை தொடங்கியது. மாரி மழை ஓய்ந்திருந்த கிழமை. ஒன்பது வயது ஹஸ்னா டெங்குவோடு நான்கு நாள் அனலாய்க் கிடந்தாள். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்தது. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உடுப்பைக்கூட மடித்து வைத்தேன்.

நடுப்பகல் லுஹருக்குள் அவள் கைகால் சில்லிட்டது. வயிறு நோகுது என்று சுருண்டாள். தட்டணு இறங்குகிறது என்றார் டொக்டர். எனக்கு விளங்கியது, பிள்ளைக்கு இரத்தம் குறைகிறது என்றுதான். தொழுகைப் பாயில் விழுந்து அழுதேன். யா அல்லாஹ், இரத்தத்தைக் கூட்டித் தா என்று அது ஒன்றையே கேட்டேன்.

பின்னேரம் அஸர் நேரம் மறுபடி இரத்தம் சோதித்தார்கள். தாளில் இரத்த அளவு முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தாறாக ஏறியிருந்தது. துஆ கபூலாகிவிட்டது, அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என்று அவள் வாப்பாவுக்கு உடனே போனில் கோல் எடுத்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற தாதி, காரைதீவு மிஸ்ஸியின் முகம் கறுத்துவிட்டது.

"இது நல்ல கூடல் இல்ல அக்கா. இரத்தத்தில இருக்கிற தண்ணி குழாயை விட்டு வெளியில கசியுது. தண்ணி போனா மிச்சம் தடிப்பாத்தானே காட்டும்."

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சிவப்பணு மூச்சுக்காற்றைச் சுமக்கும், வெள்ளையணு கிருமியோடு மல்லுக்கட்டும், தட்டணு காயத்தை அடைக்கும். அத்தனையையும் ஓடவைக்கும் மஞ்சள் நீரை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதுதான் என் பிள்ளையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டதுதான் கிடைத்ததோ என்று பயந்தேன். அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததே இல்லை. இனி வாய் திறந்து துஆக் கேட்கவே துணியவில்லை.

சேலைனைக் கணக்காக ஏற்றினார்கள். மணிக்கு மணி சிறுநீரை அளந்தார்கள். பொழுதுபட்டு மஃரிபுக்குக் கையேந்தினேன். "எனக்குக் கேட்கத் தெரியல்ல ரப்பே. உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

விடியற்காலை சுபஹுக்குப் பிறகு ஹஸ்னா என் கையைச் சுரண்டினாள்.

"உம்மா, ஒண்டுக்கு வருது."

இரத்த அளவும் முப்பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. சந்தோசப்படவும் பயந்து மிஸ்ஸியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவர் சிரித்தார். கசிவு நின்றுவிட்டதாம். அல்ஹம்துலில்லாஹ், நின்ற இடத்திலேயே நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் விழுந்தேன்.

இப்போதெல்லாம் இது வேண்டும், அது வேண்டும் என்று நான் ரப்புக்கு வழி சொல்வதில்லை. சகோதரிகளே, எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டாலும் கையேந்துங்கள். பிழையாகக் கேட்ட எனக்கும் அவன் என் பிள்ளையைத் தந்தான்.