எங்கள் சாமித்தட்டில் ஓர் ஒல்லாந்தன்

என் சாமியைப் பழுது என்று யாரும் சொன்னதில்லை, போன மாசி மாதம் வரை.

டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் எங்கள் வீடு. குசினி அலுமாரியின் மேல்தட்டுத்தான் சாமியறை. அதில் பிள்ளையார், முருகன் படங்களுக்கு நடுவே ஒரு பெரிய வெள்ளிக் காசு. காசில் ஒருவர் வாளை ஓங்கியபடி குதிரையில் பாய்கிறார். என் கணவர் வீட்டில் அவரை ஐயனார் என்று கும்பிட்டார்கள், கல்யாணம் கட்டிப் போன நானும் கும்பிட்டேன். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் திருநீறு போட்டுத் தேய்த்து, சந்தனப் பொட்டு வைப்பேன். கணவரின் சத்திரசிகிச்சைக்கும் மகளின் பரீட்சைக்கும் அவருக்குத்தான் நேர்ந்தேன்.

மகள்தான் குட்டை உடைத்தாள். போனில் படம் எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு, "சொறி அம்மா, இது ஐயனார் இல்லை. டச் சோல்ஜர்" என்றாள்.

உண்மைதான். காசின் மறுபக்கத்தில் இரண்டு சிங்கங்கள் தாங்கும் கேடயம், அதன் கீழே ஒல்லாந்துக் கம்பனியின், அதாவது டச்சுக் கம்பனியின், மூன்றெழுத்து. யாழ்ப்பாணத்தை ஆண்ட அதே கம்பனி. கிழக்கே வியாபாரம் செய்யப் பெட்டி பெட்டியாக வெள்ளியைக் கப்பலில் அனுப்பியது. கம்பனி முத்திரையோடு அடித்த குதிரைக் காசுகள் கிடைப்பது அரிதாம்.

அந்தக் கம்பனியின் காலத்தில் எங்கள் ஆட்கள் வெளிப்படையாகச் சாமி கும்பிட முடியாது. விரதச் சோறு சாப்பிட்ட இலையைக் கூரைக்குள் செருகி ஒளித்தார்களென்று இன்றும் சொல்வார்கள். தடுத்தவனின் காசையே எடுத்து, அதிலிருந்த அவனுடைய வீரனுக்கே பொட்டு வைத்துச் சாமியாக்கிவிட்டார்கள்! தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, எனக்குப் பெருமையாக இருந்தது. நான் அவரைத் தட்டிலிருந்து இறக்கவில்லை.

பக்கத்து நூலகத்தில் பழைய நாணயக் கண்காட்சி என்று மகள் கேள்விப்பட்டாள். காட்சிக்கு வைக்கச் சாமியையும் கொண்டுபோனோம். நடத்தியவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர், எங்கள் ஆள்தான். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு காசை வாங்கினார். பூதக்கண்ணாடியை வைத்ததும் அவர் முகம் கறுத்தது.

"ஐயோ தங்கச்சி, உந்தக் காசை ஏன் தேய்ச்சனீங்கள்?"

"சாமியைத் தேய்க்காமல் விடுறதோ, அண்ணை?"

"காலம் படியவிட்ட கறுப்புத்தான் உதுக்கு மதிப்பு. ஆளின்ர முகமே அழிஞ்சு போச்சு. பழுதாக்கிப் போட்டியள்."

காசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு மட்டையில் எழுதினார்: 'ஒல்லாந்து வெள்ளிக் காசு. தேய்த்ததால் பழுதானது.'

"ஐயனாராக் கும்பிட்டது எண்டும் ஒரு வரி எழுதுங்கோ, அண்ணை" என்றேன்.

"உது வரலாறு இல்லை, தங்கச்சி. எங்கட ஆக்கள் விட்ட பிழை."

பிழையாம்! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அவன் வந்து எங்களை ஆண்டது வரலாறு, அவன்ர காசை நாங்கள் கும்பிட்டது மட்டும் பிழையோ? அந்த முகம் சும்மா அழியேல்லை, அண்ணை. எத்தினை பேரின்ர விரல் பட்டு அழிஞ்சது!"

சனம் திரும்பிப் பார்த்தது. மகள் என் கையைச் சுரண்டினாள். மட்டையை மாற்றுவீர்களா என்று இன்னொரு தரம் கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். நான் திறந்திருந்த பெட்டிக்குள் கையை விட்டேன்.

"கிளவ்ஸ், கிளவ்ஸ்!" என்று பதறினார்.

வெறுங்கையால்தான் எடுத்தேன்.

அன்றும் வெள்ளிக்கிழமை. பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தாள். கோபமாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து கால் கழுவி, திருநீறை அள்ளி, வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் சந்தனம் குழைத்துக்கொண்டு நிற்கிறாள்.

முகம் அழிந்த இடத்தில் அவளே பொட்டை வைத்தாள்.