கதவு வைக்காத பாட்டுக் கொட்டகை

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டிருந்தபோது, எங்களோடு பறை அடிக்கும் ஏழுமலை சைக்கிளோடு வந்து வாசலில் நின்றார். "லூர்து அக்கா பூட்டாங்க சார். காத்தால டீ போட எழுந்தவங்க அப்பிடியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார். ஹேண்டில்பாரை விடாமலே அழுதார்.

கரிக்கலாம்பாக்கத்தில் ஞாயிறுதோறும் பாட வந்த, கேட்க வந்த உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். லூர்துமேரி வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பங்கில் பிறந்தவர். தையல் தொழில், மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், ஓடாமல் கிடந்த அரிசி மில்லின் கிடங்கை மில்காரரிடம் கேட்டு வாங்கிப் பாட்டுக்கென்று ஓர் இடமாக்கினார். அங்கே டிக்கெட் கிடையாது, தலைவரும் கிடையாது. முதலில் வருபவர் துடைப்பத்தை எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்காரிகளும் பல் போன கிழவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். பஜனை முடிந்தால் மாதா பாட்டு, பிறகு நடவுப் பாட்டு. குழந்தை அழுது யாராவது முறைத்தால், "அதுவும்தான் பாடுது, உடுங்க" என்பார். நான் தபேலா வாசித்தேன்.

இரண்டாம் வருஷம், காலனியிலிருந்து ஏழுமலையும் அவர் அண்ணனும் பறையோடு வந்தார்கள். மில்காரர் வாசலை மறித்தார்.

"பறைய வெளிய வெச்சி அடிக்கச் சொல்லும்மா. உள்ள வாணாம்."

"பறை மட்டுந்தானா, அடிக்கிறவங்களுமா?" என்று கேட்டார் லூர்து.

அவர் வாசலை விட்டு நகரவில்லை. லூர்து ஆர்மோனியத்தைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "அப்ப நாங்க எல்லாருமே வெளியதான்" என்று நடந்து, எதிரே இருந்த களத்தில் போய் உட்கார்ந்தார். பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள். மீதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். நான் வீட்டுக்குப் போனவன். மில்காரர் எனக்கு மாமன் முறை. தபேலாவைத் துணியில் சுற்றிக்கொண்டு, களத்துப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மறுநாள் லூர்து என் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஏன்பா கணேசா, வரல?"

"பயமா இருக்குதுக்கா."

"எனக்கு மட்டும் இல்லியா? பயம் போனப்புறம் வரேன்னா நீ வரவே மாட்ட. பயத்தோடவே வா. தாளம் இல்லாம பாட்டு இழுத்துக்குனு போவுது."

அடுத்த ஞாயிறு போனேன். முதல் பாட்டிலேயே தாளம் தப்பியது. ஏழுமலை பறையில் தாளத்தை அழுத்திப் பிடித்து என்னை அதற்குள் இழுத்துப் போட்டார். மாமன் வீட்டு விசேஷங்களுக்கு அதன்பிறகு எனக்கு அழைப்பு வரவில்லை.

வெயிலிலும் தூறலிலும் களத்திலேயே பாடினோம். பாகூரிலிருந்தும் சோரியாங்குப்பத்திலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஊர்ப் பேச்சு தாங்காமல் ஒருநாள் மில்காரரே சாவியோடு வந்து, எல்லோரும் உள்ளே வரலாம் என்றார். லூர்து கை நீட்டவில்லை.

"சாவி குடுத்தா நாளைக்கித் திருப்பிக் கேப்பீங்க. கதவக் கழட்டிக் குடுங்க, வரோம்."

அவர் கழற்றவில்லை. லூர்து வீடு கட்ட வைத்திருந்த மனையில் நாங்களே மூங்கில் நட்டுக் கீற்று வேய்ந்தோம். நாலு பக்கமும் திறப்பு. புயல் இரண்டு முறை கூரையைத் தூக்கிப் போனது. இரண்டு முறையும் அடுத்த ஞாயிறே அங்கு பாடினோம். அவர் தனக்கென்று வீடு கட்டவேயில்லை. கடைசிவரை வாடகை அறையில்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் அக்காவின் உறவுக்காரர் ஒருவர் ஏழுமலையைத் தடுத்து, "இங்க பறை வாணாம்" என்றார். பெட்டியின் ஒரு முனை என் தோளில் இருந்தது. "அவர் அடிச்சாத்தான் பெட்டி நகரும்" என்றேன். மற்ற மூன்று பேரும் என்னோடு நின்றுவிட்டார்கள். வெயில் ஏறியது. உறவுக்காரர் வாசலை விட்டு விலகினார். குழி வரைக்கும் பறை முழங்கியது.

அப்போது என் குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன். அந்தக் குரலைத்தான் லூர்து அக்கா எனக்கு விட்டுப் போயிருக்கிறார். கொட்டகை நிற்கிற மனையை விற்றுவிடலாம் என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். விலை பேச வருகிறவர்களுக்கும் அந்தக் குரலில்தான் பதில் சொல்வேன்.