பிசகாத எடை

எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பத்தாவது வரை படித்த ஒரே பெண் சுமலதா. அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது.

தேயிலை விலை பாதாளத்துக்குப் போன அந்த வருஷம், கூடலூர்ப் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரு பயிற்சி வந்தது. 'டிஜிட்டல் திறன், நிலையான வளர்ச்சி' என்று பேனர் கட்டினார்கள். போர்வை கேட்டால் கையை விரிக்கிற நிர்வாகம் அன்றைக்கு எல்லாருக்கும் கேக் கொடுத்தது. மூன்றே நாளில் சுமலதா டேப்லெட்டில் தேறிவிட்டாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஆள் பெயரையும் கிலோவையும் ஏற்றுவது இனி அவள் வேலை. இருபது வருஷம் கொழுந்துச் சாக்கு சுமந்த அவள் முதுகுக்கு ஓய்வு கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி குறைவாகப் பறித்தால், நிறுக்கும் முன்பே பக்கத்து நிரையில் பறிக்கிறவள் தன் சாக்கிலிருந்து அள்ளிப் போடுவாள். பழைய கணக்கப்பிள்ளைக்கு இது தெரியும். யார் கை வேகம் என்பது அவருக்கு மனப்பாடம், எடை குறைந்தால் ஏன் என்று கேட்க மாட்டார். ஜீவிதாவுக்கு ஏழாம் மாதம். பக்கத்து நிரை அங்கம்மா தினமும் எட்டு கிலோவாவது அவள் சாக்கில் போட்டாள். நம்ம சுமலதாதானே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற தைரியம். சுமலதாவோ தராசு காட்டியதை அப்படியே ஏற்றினாள். ஒரு பிசகும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டினாள், புத்திகெட்டவள்.

மழை முடிந்ததும், நஷ்டம் என்று பன்னிரண்டு பேரை நிறுத்த நிர்வாகம் முடிவு செய்தது. குறைவாகப் பறித்தவர்களை டேப்லெட்டே வரிசைப்படுத்திக் கொடுத்தது. அதில் அங்கம்மா பெயரும் இருந்தது. வேலை போனால் லயத்து வீடும் போகும்.

சுமலதா ஆபீசுக்கு ஓடினாள். அங்கம்மா பறித்த இலை வேறொருத்தி எடையில் சேர்ந்துவிட்டது என்றாள். மேனேஜர் கோபப்படவே இல்லை.

"அப்ப நீங்க தப்பா என்ட்ரி போட்டிருக்கீங்க. யாரு சாக்குல சேந்துச்சுன்னு எழுதிக் குடுங்க."

எழுதினால் எடை குறைந்து ஜீவிதாவும், தப்பாக ஏற்றினாள் என்று சுமலதாவும் சேர்ந்து வெளியே போக வேண்டியதுதான். "தப்பு இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

ஜீப்பில் சாமான் ஏற்றிய அன்று, அங்கம்மாதான் சுமலதாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள்.

"நீ என்னா பண்ணுவ புள்ள. அந்த மெசினு தப்பா சொல்லிருச்சு."

"ஆமாக்கா, மெசினுதான்" என்றாள் சுமலதா. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.